16 எம்.எம். கேமராவில் 10 எம்.எம். வைடு மட்டும் மங்கல். லென்ஸ் போச்சா?

சொல்தா பேரன் (குருசுக்குப்பம்), ஞாயிறு இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். (எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். புதுச்சேரிக்காரர்களுக்கு என் பெயரைப் பார்த்ததுமே புரிந்திருக்கும்.) அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பொலியூ ஆர்16 கிடைத்தது. 16 எம்.எம். கேமரா, முன்னால் மூன்று லென்ஸ் மாட்டுகிற சுழல் தட்டு. ஆன்ஜெனியூ லென்ஸ் மூன்றும் கூடவே இருந்தன: அகலமாகக் காட்டுகிற 10 எம்.எம். வைடு, நடுத்தர 25, தூரத்தைக் கிட்டே இழுக்கிற 75 டெலி. இந்த உப்புக் காற்றில் இத்தனை வருஷம் கிடந்தும் பூஞ்சை இல்லை. பேட்டரிதான் செத்திருந்தது, வெளியே ஒரு பேட்டரிப் பெட்டி கட்டி ஓட்டுகிறேன்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் 100 அடி ரீல் இரண்டு ஓட்டினேன். கோடக் 250டி, பகல் வெளிச்ச ஃபிலிம். விநாடிக்கு 24 ஃபிரேமில் ஒரு ரீல் 2 நிமிடம் 47 விநாடிதான், அதனால் பொத்தானை அழுத்துவதற்கே பயந்து பயந்து எடுத்தது. நேற்று ஸ்கேன் வந்தது.

75-இல் எடுத்த மயிலம் முருகன்: மாலையில் பூவைத் தனித்தனியாக எண்ணலாம். 25-இல் தீவனூர் பிள்ளையாரும் அருமை. 10-இல் எடுத்தது அத்தனையும் மங்கல். கடற்கரை நெடுக சாமிகள் வரிசையாக நிற்கிற காட்சிக்காகத்தான் போனேன், அது இட்லிப் பானை ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு, வெளிச்சம் முழுசாக வருவதற்குள் எஃப் 2-இல் (லென்ஸ் துளையைப் பெரிதாகத் திறந்து) எடுத்தது படுமோசம். மதியம் எஃப் 22-இல் (துளையைச் சின்னதாக மூடி) எடுத்தது பரவாயில்லை ரகம், ஆனால் அதுவும் ஷார்ப் இல்லை. எல்லாவற்றிலும் ஃபோகஸ் வளையம் இன்ஃபினிட்டியில்தான் (வெகுதூரத்துக்கான கடைசிக் குறியில்) இருந்தது.

லென்ஸ் போச்சா? வேறு வைடு தேடணுமா?

பாரதி பூங்கா, ஞாயிறு இரவு 10.40

10 எம்.எம். லென்ஸுக்கு ஃபோகஸே வேண்டாம். எங்கே வைத்தாலும் எல்லாம் தெளிவாகத்தான் வரணும், டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது கிட்டேயிருந்து தூரம் வரை தெளிவாக விழுகிற வீச்சு, அவ்வளவு இருக்கிறது. அப்படியும் மங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கும், இல்லை ஒட்டுப் பிரிந்திருக்கும். வேறு லென்ஸ் பாருங்கள்.

பேக்கரி வாசல், ஞாயிறு இரவு 10.52

ஃபோனில் 0.5 அமுக்கினால் முடிந்தது வேலை. ரீல் காசுக்கு பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்.

கெடிலக்கரை (கடலூர்), திங்கள் காலை 6.05

தம்பி, அவசரப்பட்டு லென்ஸைக் குறை சொல்லாதே. நான் சென்னையில் ஒரு டாகுமெண்டரி கம்பெனியில் ஃபோகஸ் பிடிக்கிற உதவியாளாக ஒன்பது வருஷம் இருந்தவன். "வைடுக்கு ஃபோகஸ் வேண்டாம்" என்ற வார்த்தையை நம்பி நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை.

பாரதி பூங்கா சொல்வது பாதி சரி. லென்ஸுக்கு முன்னால் வைடு தாராளம். அரை மீட்டரும் தெளிவு, அடிவானமும் தெளிவு. ஆனால் லென்ஸுக்குப் பின்னால், ஃபிலிம் இருக்கிற பக்கம், அது மகா கஞ்சன். ஃபிலிமுக்கும் லென்ஸின் உட்காரும் முகத்துக்கும் நடுவே இவ்வளவுதான் இடைவெளி என்று கணக்கு உண்டு. உன் லென்ஸ் திருகி உட்காருகிற சி மவுண்ட் வகைக்கு 17.526 மி.மீ. மூன்றாவது தசம இடம் வரை ஏன் எழுதியிருக்கிறான் என்று யோசித்துப் பார். அதில் ஒரு தலைமுடி கனம் பிசகினால்கூட டெலி லென்ஸ் சமாளித்துக்கொள்ளும், நீயும் வளையத்தைத் திருப்பிச் சரிக்கட்டிவிடுவாய். வைடு சமாளிக்காது. நீ இன்ஃபினிட்டி என்று நினைத்து வைக்கிற இடம் உண்மையில் இன்ஃபினிட்டியாக இருக்காது.

எஃப் 2-இல் மோசம், துளையைச் சின்னதாக்கினால் பரவாயில்லை என்று நீ எழுதியிருப்பதே பாதி வைத்தியம். கண்ணாடி கெட்டிருந்தால் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி இருக்கும். உனக்குப் படம் முழுக்க ஒரே சீராக மங்கலா?

ஒரு சந்தேகம், உன் கேமராவில் வியூஃபைண்டருக்குப் படத்தை அனுப்புவது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான ஷட்டரா, பிரிசமா? போலெக்ஸ் ரிஃப்ளெக்ஸ் மாதிரி என்றால் கதை வேறு.

சொல்தா பேரன், திங்கள் காலை 8.30

ஆமாம் ஐயா, நடு ஓரம் என்று வித்தியாசமே இல்லை, சீரான மங்கல். ஷட்டரே கண்ணாடிதான், மேலும் கீழும் போகிறது. பிரிசம் இல்லை. போலெக்ஸில் என்ன வித்தியாசம்?

கெடிலக்கரை, திங்கள் காலை 8.50

போலெக்ஸ் எச்16 ரிஃப்ளெக்ஸ் 1956-இல் வந்தது. அதில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கட்டி நிரந்தரமாக நிற்கும், அதுதான் வியூஃபைண்டருக்கு வெளிச்சத்தில் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. ஒளி அந்தக் கட்டிக்குள் புகுந்து வருவதால் இடைவெளியும் 20.76 மி.மீ. ஆகிவிடுகிறது. அதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்த லென்ஸில் ஆர்எக்ஸ் என்று பொறித்திருப்பார்கள். சாதாரண சி மவுண்ட் வைடை அதில் மாட்டித் துளையைப் பெரிதாகத் திறந்தால் படம் பஞ்சு மாதிரி வரும். 50 எம்.எம்.-க்கு மேலே கவலை இல்லை. உனக்கு அந்தத் தலைவலி கிடையாது, விடு.

நெல்லித்தோப்பு கடைசல், திங்கள் மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். கேமரா பற்றி எனக்கு அதிகம் தெரியாது, லேத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டுகிற ஆள்.

லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஃபினிட்டியில் வைத்தால் உண்மையில் எந்தத் தூரத்தில் ஃபோகஸ் விழும்? குவியத் தூரத்தை அதோடே பெருக்கி, தள்ளி நிற்கிற அளவால் வகுக்கணும். பிசகு வெறும் 0.02 மி.மீ. என்றால்:

75 எம்.எம்.: 281 மீட்டர்.
25 எம்.எம்.: 31 மீட்டர்.
10 எம்.எம்.: 5 மீட்டர்.

தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகுக்கே 10 எம்.எம். இன்ஃபினிட்டி என்று சொல்லிக்கொண்டு 5 மீட்டரைப் பார்க்கிறது. இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம், லென்ஸ் முன்னால் தள்ளி நின்றால் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் தூரத்தைப் பிடிக்கவே முடியாது. இன்ஃபினிட்டிக்கு அப்பால் வளையம் போகாதே.

பாரதி பூங்கா, திங்கள் மதியம் 2.00

கணக்கெல்லாம் அழகுதான். நான் சூப்பர் 8-இல் (கார்ட்ரிட்ஜில் வருகிற 8 எம்.எம். ஃபிலிம்) 7 எம்.எம். வைத்து ஃபோகஸைத் தொடாமலே எத்தனையோ கார்ட்ரிட்ஜ் ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

வெள்ளிக் கடற்கரை (தேவனாம்பட்டினம்), திங்கள் மாலை 5.45

அண்ணா, நீங்கள் எங்கே எடுத்தீர்கள், எந்த எஃப்பில் எடுத்தீர்கள் என்று கேட்கிறேன். வெயிலில் ஆட்டோ மீட்டரே துளையை எஃப் 8, 11 என்று மூடிவிட்டிருக்கும். அப்போது பிசகு இருந்தாலும் மறைந்துபோகும். சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துப் பாருங்கள், பல்லிளிக்கும்.

நான் சொல்வது பட்டறிந்தது. என்னிடம் கேனான் 814 எக்ஸ்எல்-எஸ் இருக்கிறது, 7-56 ஜூம், எஃப் 1.4. தங்கை மகள் மஞ்சள் நீராட்டு விழாவை வீட்டுக்குள் எடுத்தேன். டெலியில் குழந்தையின் கண் இமை வரை தெரிகிறது, வைடுக்கு இழுத்ததும் எல்லோரும் ஆவிகள். முதல் குற்றவாளி நான்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நாள், கழற்றிவிட்டு ஒரு நாள் என்று பார்த்திருக்கிறேன், கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸை என் பார்வைக்குச் சரிசெய்யவே இல்லை. லென்ஸை வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் வைத்து, நடுவில் தெரிகிற வட்டத்தின் கோடு கூர்மையாகும் வரை ஐபீஸைத் திருப்பணும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். டெலிக்குப் போய் ஃபோகஸ் பிடித்து, பிறகு வைடுக்கு வரணும். வைடிலேயே நின்று வியூஃபைண்டரைப் பார்த்துப் பிடிப்பது குருட்டு வேலை.

இவ்வளவும் செய்து, டெலியில் கத்தியும் வைடில் பஞ்சுமாக இருந்தால் அது கெடிலக்கரை ஐயா சொல்கிற பின்பக்கச் சிக்கல். டெலியில் நாம் வளையத்தால் சரிக்கட்டிவிடுகிறோம், வைடுக்கு வரும்போது அந்தச் சரிக்கட்டு செல்லாது.

சூப்பர் 8-இல் இன்னொரு வில்லன் உண்டு. ஃபிலிமைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கிற தகடு கேமராவில் கிடையாது, கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே பிளாஸ்டிக்கில் இருக்கிறது. 1965-இல் கோடக் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. கார்ட்ரிட்ஜ் முழுசாக உட்காரவில்லை என்றால் ஃபிலிம் கொஞ்சம் மிதக்கும். போடும்போது இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பேன்.

பாரதி பூங்கா, திங்கள் இரவு 7.10

வீட்டுக்குள் எடுத்ததில்லை, அது உண்மை. சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கெடிலக்கரை, திங்கள் இரவு 8.00

சொல்தா பேரன், செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். கடற்கரைச் சாலைக்குப் போ. பழைய கலங்கரை விளக்கம் 1836-இலிருந்து அசையாமல் நிற்கிறது, டெஸ்ட் சார்ட்டுக்கு அதைவிட நம்பகமான ஆள் கிடைக்காது. கேமராவை ஸ்டாண்டில் போட்டு 10 எம்.எம்.-ஐ முழுசாகத் திற, எஃப் 1.8. துளையைச் சின்னதாக்கிப் பார்த்தால் பிசகு ஒன்றும் தெரியாது, அதனால்தான் வியூஃபைண்டரில் இதை நீ இத்தனை நாள் கவனிக்கவில்லை. தலையில் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொள். வளையத்தை ஒரு மீட்டரிலிருந்து மெதுவாக இன்ஃபினிட்டி பக்கம் திருப்பு.

தெளிவு கூடிக்கூடி வந்து, ஓர் இடத்தில் உச்சம் தொட்டு, பிறகு லேசாகக் குறைந்தால் லென்ஸ் ஃபிலிமுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. உச்சம் சரியாக இன்ஃபினிட்டிக் கோட்டில் விழுந்தால் கேமராவைக் கும்பிட்டுவிட்டு வேறு காரணம் தேடு. கூடிக்கொண்டே போய் உச்சம் தொடுவதற்குள் வளையம் முட்டி நின்றுவிட்டால் லென்ஸ் தள்ளி நிற்கிறது. எனக்கு மூன்றாவதின் மேல்தான் சந்தேகம்.

சொல்தா பேரன், செவ்வாய் இரவு 9.30

போய்வந்தேன். விடியற்காலையிலேயே நடைக்கூட்டம். கறுப்புத் துணிக்குப் பாட்டியின் பழைய புடவை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அதைப் போர்த்திக்கொண்டு குனிந்து நின்றதைப் பார்த்து ஒருவர் "உடம்புக்கு என்னப்பா?" என்று கேட்டுவிட்டார்.

மூன்றாவதேதான். கலங்கரை விளக்கத்தின் மேல் கைப்பிடிக் கம்பிகள் தெளியத் தெளிய வந்து, இன்னும் கொஞ்சம் என்கிற இடத்தில் வளையம் முட்டிவிட்டது. உச்சமே வரவில்லை. பிறகு ஸ்டாண்டிலேயே திரும்பி, ஒரு மீட்டர் தள்ளி நடைபாதைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். வளையம் இன்ஃபினிட்டியிலேயே இருக்கிறது, நோட்டீஸில் பொடி எழுத்து வரை துல்லியம்!

வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றினேன். மரைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு காகித வளையம்.

கையால் கத்தரித்தது. அவ்வளவு நேர்த்தியாக வட்டமாக வெட்டி, பழுத்து மஞ்சளாகி லென்ஸின் முகத்தோடு ஒட்டியே போயிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகச் சாய்கோடு. விமானத் தபால் உறை.

பாட்டியிடம் காட்டினேன். "அந்த மனுஷன் வேலைதான்" என்றார். தாத்தாவுக்கு எஃப் நம்பர் எப்போதும் மேலே பார்த்தபடி இருக்கணுமாம். இந்த லென்ஸை இறுக்கினால் எழுத்து பக்கவாட்டில் போய் நின்றுவிடும், கழுத்தைச் சாய்த்துப் படிக்கணும் என்று புலம்பிக்கொண்டே இருப்பாராம். அதற்காக அவரே செய்துகொண்ட வைத்தியம். அப்போதிலிருந்து இந்த லென்ஸில் எடுத்த படங்கள் எல்லாம் என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசித்தேன். வீட்டில் ஒரு பழைய ரீல் இருக்கிறது, அத்தையின் கல்யாணம். அதில் தூரத்துக் காட்சிகள் மங்கல் என்று எல்லோரும் சொல்வார்கள். மணையில் உட்கார்ந்திருக்கிற அத்தையின் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு மீட்டர்!

நெல்லித்தோப்பு கடைசல், செவ்வாய் இரவு 9.50

அந்த வளையத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு நெல்லித்தோப்பு பக்கம் வந்தால் மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து தருகிறேன்.

வெள்ளிக் கடற்கரை, செவ்வாய் இரவு 10.05

தாத்தாவின் மேல் கோபமே வரவில்லை எனக்கு.

நெல்லித்தோப்பு கடைசல், புதன் மாலை 6.30

தம்பி வந்தார், அளந்தோம். நான்கு இடத்தில் வைத்துப் பார்த்ததில் 0.10 மி.மீ. சொச்சம். கணக்கில் போடுங்கள்: நூறை 0.1-ஆல் வகுத்தால் ஆயிரம் மில்லிமீட்டர். ஒரு மீட்டர். நோட்டீஸும் அத்தை முகமும் சும்மா தெளிவாக வரவில்லை.

சி மவுண்டின் மரை ஓர் அங்குலத்துக்கு 32 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 0.79 மி.மீ. 0.1 மி.மீ. தாள் வைத்தால் எட்டில் ஒரு சுற்று முன்னாலேயே லென்ஸ் நின்றுவிடும். எழுத்தை 45 டிகிரி திருப்பி மேலே கொண்டுவர இது போதும். தாத்தா கை சுத்தமான கை. கேமராக்காரராக இல்லாமல் கடைசல்காரராகப் போயிருந்தால் பெரிய ஆளாகியிருப்பார்.

எஃப் 2-இல் தூரத்துப் புள்ளி ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. அகல வட்டமாகப் படிந்திருக்கும். 16 எம்.எம்.-க்கு 0.025 வரை கண் பொறுக்கும் என்று கேள்வி, சரிதானே ஐயா?

கெடிலக்கரை, புதன் இரவு 7.45

சரிதான். அதே தாளோடு எஃப் 8-இல் எடுத்திருந்தால் வட்டம் 0.0125 ஆகி யாருக்கும் தெரிந்திருக்காது. பாரதி பூங்காவுக்கு இத்தனை நாள் "ஒன்றும் ஆகாமல்" போனது இப்படித்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் தம்பி, மதியம் எஃப் 22-இல் எடுத்ததும் ஷார்ப் இல்லை என்றாயே, அதற்குத் தாத்தா பொறுப்பில்லை. அது உன் கணக்கு. துளையை அவ்வளவு சின்னதாக மூடினால் ஒளி துளையின் விளிம்பில் பட்டுப் பரவ ஆரம்பிக்கும். எஃப் 8-இல் ஒரு புள்ளி 0.011 மி.மீ. அளவுக்குப் பரவும், 22-இல் 0.03. பெரிய ஃபிலிமுக்கு இது பொருட்டில்லை. நம்முடையது 10.26 மி.மீ. அகலம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அதைச் சுவர் அளவுக்குப் பெருக்கிப் பார்க்கிறோம். சூப்பர் 8-இன் அகலம் இன்னும் மோசம், 5.79 தான். அதில் 11-ஐத் தாண்டினாலே நான் முகம் சுளிப்பேன்.

புதுச்சேரி மதிய வெயிலுக்கு 250டி அதிக வேகம். உன் ஷட்டருக்கு எஃப் 32 கேட்கும், லென்ஸில் அந்த எண்ணே இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் 1.2 ஒன்று போடு, நான்கு ஸ்டாப் (நான்கு முறை பாதிபாதியாக) விழுங்கி எஃப் 8-க்கு வந்துவிடும். இல்லை 50டி வாங்கி என்.டி. 0.6 போடு, அதுவும் அங்கேதான் வந்து நிற்கும்.

ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் போடு. பின்னால் ஜெலட்டின் துண்டு செருகுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸ் பின்னால் தள்ளிப்போகும், இன்னொரு தபால் உறைக் கதை ஆகிவிடும். முன்னால் போடுகிறதும் மெல்லிய வளையமாக இருக்கட்டும். இரண்டு மூன்று ஃபில்டரை அடுக்கினால் 10 எம்.எம். நான்கு மூலையையும் கறுப்பாக்கிவிடும்.

வெள்ளிக் கடற்கரை, புதன் இரவு 8.20

இதையும் ஒரு ஓரமாகச் சொல்லி வைக்கிறேன். லென்ஸ் சரியாகிவிட்டாலும் அந்தச் சாமி வரிசைக் காட்சி மனசில் நினைத்த அளவுக்குத் தெளிவாக வராது.

10 எம்.எம்.-இல் பத்து மீட்டர் தூரத்தில் ஃபிரேமுக்குள் பத்தே கால் மீட்டர் அகலம் அடங்கும். ஒரு முகம் 16 சென்டிமீட்டர் என்றால் ஃபிலிமில் அது 0.16 மி.மீ. 2கே ஸ்கேனில் முப்பது சொச்சம் பிக்சல். அதற்குள் கண், மூக்கு, விபூதி, பொட்டு எல்லாம் வரணும் என்றால் எந்த லென்ஸாலும் ஆகாது. தெளிவில்லை என்று நாம் திட்டுவதில் பாதி இதுதான், ஆள் சின்னதாக இருக்கிறார், ஃபிலிமின் மணிகள் பெரிதாக இருக்கின்றன.

நான் தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரியை எடுக்கிறபோது கூட்டத்தை மட்டும் தனியாக வைடில் எடுப்பதை விட்டுவிட்டேன். ஏதாவது ஒன்றைக் கிட்டே வைத்துக்கொள்வேன். கரையில் இழுத்துப் போட்ட படகின் மூக்கு, கயிற்று முடிச்சு, மீன் கூடை, தோளில் குழந்தையோடு நிற்கிற யாரோ ஒருவருடைய முதுகு. முக்கால் மீட்டர், ஒரு மீட்டரில் அது இருக்கும். அதில் பெயிண்ட் உரிந்தது, மரத்தின் நரம்பு எல்லாம் கத்தி மாதிரி வந்துவிட்டால் பின்னால் இருக்கிற கூட்டமும் தெளிவு என்று கண் தானாக ஏற்றுக்கொள்கிறது. வைடின் தாராளம் இதற்குத்தான் உதவும். எஃப் 4-இல் 10 எம்.எம்.-ஐ ஒரு மீட்டரில் வைத்தால் அரை மீட்டரிலிருந்து கடல் விளிம்பு வரை பிடிக்கும். ஃபிலிம் இருக்கிற இடத்தைக் காட்டக் கேமராவின் பக்கத்தில் வட்டத்தில் கோடு போட்ட குறி இருக்கும், டேப்பை அங்கேயிருந்து பிடிக்கணும், லென்ஸ் முனையிலிருந்து இல்லை. ஒரு மீட்டர் விஷயத்தில் பத்து சென்டிமீட்டர் தப்பினால் அது நிறைய.

அப்புறம் உப்பு. அலை ஓரத்தில் அரை மணி நின்றால் முன் கண்ணாடியில் பொடிப்பொடியாகப் படியும். வைடில் சூரியன் எப்படியும் எங்கேயாவது ஃபிரேம் ஓரத்தில் இருக்கும், அந்தப் பொடி ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடித்துப் படத்தை வெளிறடித்துவிடும். முதலில் ஊதிவிட்டு, ஈரமாக்கிய லென்ஸ் தாளால் ஒற்றி எடுக்கணும். எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை உதவி செய்கிறேன் பேர்வழி என்று வேட்டி நுனியால் தேய்த்தார். கோடு இன்னும் இருக்கிறது.

சந்தை சுற்றி, புதன் இரவு 9.00

நடுவில் குறுக்கிடுகிறேன். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சிசிடிவி லென்ஸ் 4 எம்.எம். ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைத்தது. மரை சி மவுண்ட் மாதிரியே இருக்கிறது. என் 16 எம்.எம். கேமராவில் மாட்டினால் சூப்பர் வைடு கிடைக்குமா?

கெடிலக்கரை, புதன் இரவு 9.25

மரை ஒன்றுதான், இடைவெளி வேறு. அதில் சிஎஸ் என்று எழுதியிருக்கிறதா பார். சிஎஸ் என்றால் 12.5 மி.மீ. இடைவெளிக்குச் செய்தது. உன் கேமராவில் 5 மி.மீ. தள்ளி நிற்கும். தபால் உறைக்கே ஒரு மீட்டர் ஆகிவிட்டது, 5 மி.மீ.-க்கு நீயே கணக்குப் போட்டுக்கொள். கண்ணாடியை உரசுகிற அளவுக்குப் பொருள் வந்தால்தான் ஃபோகஸ்.

சுத்தமான சி மவுண்டாக இருந்தாலும் உள்ளே எந்த அளவு சென்சாருக்குச் செய்தது என்று பார்க்கணும். அரை அங்குலச் சென்சாருக்கான லென்ஸின் வட்டம் 8 மி.மீ. விட்டம், சூப்பர் 8-ஐ மூடும். 16 எம்.எம். ஃபிரேமுக்கு மூலைக்கு மூலை 12.7 வேண்டும், ஓர் அங்குலச் சென்சாருக்குச் செய்த லென்ஸ்தான் மூடும். மற்றதெல்லாம் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற லென்ஸைக் கண்ணாடி ஷட்டர் கேமராவில் திருகிவிடாதே, கண்ணாடியில் இடித்தால் முன்னூறு ரூபாய் சந்தோஷம் முப்பதாயிரம் அழுகை.

சந்தை சுற்றி, புதன் இரவு 9.31

சிஎஸ் என்றுதான் இருக்கிறது. காகிதம் பறந்துவிடாமல் மேலே வைத்துக்கொள்கிறேன்.

பாரதி பூங்கா, வியாழன் இரவு 11.15

நேற்று இரவு மின்சாரம் போன நேரத்தில் மெழுகுவத்தியை 3 மீட்டரில் வைத்து என் கேமராவைச் சோதித்தேன், துளை முழுசாகத் திறந்து. டெலியில் திரி தெரிகிறது. வைடில் சுடர் ஒரு எலுமிச்சம்பழம். முதல் நாள் எழுதியதைத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். இதைச் சரிசெய்கிற ஆள் யாராவது இருந்தால் தனியாக எழுதுங்கள்.

சொல்தா பேரன், அடுத்த வெள்ளி இரவு 8.40

மீதி இருந்த ஃபிலிம் துண்டில் 20 அடி ஓட்டி, கழுவி ஸ்கேன் வந்துவிட்டது. அதே கலங்கரை விளக்கம், காகிதம் இல்லாமல், எஃப் 2, எஃப் 4, எஃப் 8. எஃப் 2-இல் ஓரம் லேசாக இளகுகிறது, நடுவில் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. எஃப் 4-இல் அலைக்குப் போட்ட கருங்கற்கள் முன்னால் ஒரு மீட்டரில், அதில் ஒட்டிய நண்டு வரை. பின்னால் காந்தி சிலையின் தூண்கள் அத்தனையும் நேராக நிற்கின்றன. பாட்டிக்கு டிவியில் போட்டுக் காட்டினேன். "கடல் இவ்வளவு கிட்டவா இருக்கு?" என்றார். அக்கா சொன்ன படகு மூக்கை வைத்திக்குப்பத்தில் அடுத்த ரீலில் எடுக்கிறேன்.

ஒரே தொல்லை, எஃப் எண்கள் இப்போது வலப்பக்கம் சாய்ந்துவிட்டன. ஸ்டாண்டில் போட்டால் ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துப் படிக்கவேண்டியிருக்கிறது. தாத்தா ஏன் புலம்பினார் என்று புரிகிறது.

கெடிலக்கரை, வெள்ளி இரவு 8.55

அதற்கு ஏன் காகிதம்? லென்ஸின் மேல்பக்கம் நகப்பூச்சில் ஒரு பொட்டு வை. எஃப் 8 எங்கே வருகிறதோ அங்கே வளையத்தில் இன்னொரு பொட்டு. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் 8. நாங்கள் எல்லாம் இருட்டில் அப்படித்தான் வேலை செய்தோம். வெள்ளையாக இருந்தால் நல்லது, கண்ணில் சட்டென்று படும்.

சொல்தா பேரன், வெள்ளி இரவு 9.10

தங்கையிடம் கேட்டேன். சிவப்புதான் இருக்கிறதாம், அதுவும் சொட்டுக்கு அஞ்சு ரூபாயாம்.